நற்கருணைப் பேழைக்குப் பின்னால் நெற்கதிர் வரையலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் பலகைப் படம் செய்பவன் நான். ராமர் பட்டாபிஷேகம், வெண்ணெய்க் கிருஷ்ணர், கஜலட்சுமி என்றே கை பழகியிருக்கிறது. இப்போது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பங்குக் கோயிலில், நற்கருணைப் பேழைக்குப் பின்சுவரில் வைக்க 6க்கு 4 அடியில் ஒரு தஞ்சாவூர்ப் படம் கேட்கிறார்கள். நடுவில் ஆட்டுக்குட்டி, இரண்டு பக்கமும் கோதுமையும் திராட்சையும், நான்கு மூலைகளில் சிங்கம், காளை, கழுகு, இறக்கை வைத்த மனிதர், கீழே குஞ்சுகளுக்கு ஊட்டும் ஒரு பறவை. ஊர்க்காரர்கள் எல்லாரும் விவசாயிகள். கோதுமையை நாங்கள் என்ன கண்டோம், நெற்கதிர் போடுங்கள் என்கிறார்கள். வேலையைப் பிடித்துக் கொடுத்தவர், "எதைப் போட்டாலும் சரி, தங்கம் மின்னினால் போதும்" என்கிறார். நான் இந்து. தெரியாமல் ஏதாவது தப்பாகி, மாட்டிய பிறகு கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பேழைக்குப் பின்னால் கோதுமைதான் வர வேண்டும். நெல்லுக்கு அதே படத்தில் வேறு இடம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். நீங்கள் இந்து என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியது என்று திருச்சபை வைத்துக்கொள்ளவில்லை என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகெங்குமுள்ள பிஷப்புகள் கூடிய பேரவை) திருவழிபாடு பற்றிய ஏட்டில் எழுதிவிட்டது. வரைகிறவரின் மதம் என்ன என்று கேட்கும் சட்டம் எதுவும் கிடையாது. படம் சொல்லும் செய்தி சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கோதுமையில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? பேழைக்குள் இருப்பது நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பம். அந்த அப்பம் கோதுமையால் மட்டுமே செய்ததாக இருக்க வேண்டும், இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 924ஆம் எண்ணில் சொல்கிறது. கோதுமை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூட அரிசி அப்பம் கொடுக்க அனுமதி இல்லை. அப்படியிருக்க, பேழைக்கு நேர் பின்னால் நெற்கதிரையும் திராட்சையையும் சேர்த்துக் கட்டி வரைந்தால், உள்ளே இருப்பது ஒன்று, வெளியே காட்டுவது வேறொன்று என்று ஆகிவிடும். விவரம் தெரிந்த ஒருவர் ஆயர் (பிஷப்) இல்லத்தில் இருந்தால் முதலில் கை வைப்பது இதில்தான். உங்கள் பயம் நியாயமானது.

ஆனால் ஊர்க்காரர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பொங்கல் நன்றித் திருப்பலியில் அவர்கள் காணிக்கையாகக் கொண்டுவருவது புது நெல்லும் கரும்பும்தானே? அந்த நெல்லைப் படத்தின் அடிப்பகுதியில், கதிர்க்கட்டாக, பீடத்தின் காலடியில் வைத்த மாதிரி வரையுங்கள். அப்போது அது நற்கருணையின் சின்னம் ஆகாது, மக்களின் காணிக்கை ஆகிறது. சுற்றுப் பட்டையில் பூவேலைக்குப் பதிலாக நெற்கதிர் ஓட்டினாலும் யாரும் குறை சொல்ல முடியாது. கிண்ணத்தின் மேல், வட்ட அப்பத்தின் பக்கத்தில், திராட்சைக் கொத்தோடு பின்னி, இந்த மூன்று இடத்தில் மட்டும் நெல் வேண்டாம்.

இன்னும் ஓர் இடத்தில் நெல்லுக்கு முழு உரிமை உண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் பக்கத்தில் இதையும் சேர்த்துப் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் விதைப்பவர் உவமையில் விதை என்றுதான் இருக்கிறதே தவிர, இன்ன தானியம் என்று இல்லை. வழியோரம் விழுந்தது, பாறையில் விழுந்தது, முள்ளில் விழுந்தது, நல்ல நிலத்தில் விழுந்தது, அவ்வளவுதான். ஆகவே வாசக மேடைக்கு ஒரு படம் கேட்டால், நாகப்பட்டினம், திருவாரூர்க் கடைமடையில் சம்பாவுக்கு நேரடியாக விதைநெல் வீசுகிற ஒருவரைத் தாராளமாக வரையலாம். வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் விதைக்கூடை வைத்து, வரப்பு, வாய்க்கால், கருவேலமுள், பின்னால் கொக்கு என்று எல்லாம் வரட்டும். வேதவசனத்துக்கு ஒரு சொல்கூட மாறாக இருக்காது. அதே சமயம் யோவான் 12:24இல் மண்ணில் விழுந்து மடிகிற மணி கோதுமை மணி என்றே எழுதியிருக்கிறது. அந்த வசனத்தைப் படமாக்கினால் மறுபடி கோதுமைக்கே வர வேண்டும். வசனம் பெயர் சொன்னால் அதை மாற்றாதீர்கள், பெயர் சொல்லாத இடத்தில் நம் மண்ணைக் கொண்டுவாருங்கள். இதே அளவுகோலை அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) ஊர்க்காரர்களிடம் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். விவசாயிக்கு விதை வேறு, விளைச்சல் வேறு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோதுமை வரைவதிலும் ஒரு சிக்கல். நாம் பார்த்து வளர்ந்தது நெல், அதனால் கை தானாக நெல்லுக்கே போகும். நெற்கதிர் கிளைகிளையாகப் பிரிந்து, பாரம் தாங்காமல் தலை சாயும். கோதுமைக் கதிர் ஒற்றைத் தண்டில் மணிகள் பின்னல் மாதிரி நெருக்கி அடுக்கி, மேலே நீட்டு முடியோடு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். திராட்சை இலையும் அப்படித்தான். கும்பகோணம் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்த கண், திராட்சைக்கும் வெற்றிலை வடிவத்தையே போட்டுவிடுகிறது. திராட்சை இலை ஐந்து மடலாகப் பிரிந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும்.

அப்புறம் ஆட்டுக்குட்டி. பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது இதில்தான். "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே" என்று திருப்பலியில் வேண்டுகிறார்கள். வரைந்து வைத்திருப்பதோ வெள்ளாட்டுக் குட்டி! மத்தேயு 25இல் தீர்ப்பு நாளில் செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் நிறுத்துவார் என்று இருக்கிறது. வெள்ளாட்டைக் கிறிஸ்துவின் சின்னமாக நடுவில் வைத்தால் எப்படிப் பொருந்தும்? வெளிநாட்டுப் படங்களில் வரும் சுருள் கம்பளி ஆடு நம் டெல்டாப் பக்கம் இல்லை. நம் செம்மறிக்கு முடி குட்டை, தூரத்தில் பார்த்தால் வெள்ளாடு மாதிரியே தெரியும். கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வயலில் கிடை போட வரும் கீதாரிகளின் மந்தையை ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். செம்மறிக்கு வால் கீழே தொங்கும், வெள்ளாட்டுக்கு மேலே தூக்கி நிற்கும். தாடி வேண்டாம், கொம்பும் வேண்டாம். திருவெளிப்பாடு 5இல் வரும் ஆட்டுக்குட்டிக்கு ஏழு கொம்பு, ஏழு கண் என்று இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். அதைப் பார்த்துப் பழகாத கோயிலில் அப்படியே வரைந்தால் மக்கள் மிரள்வார்கள், விட்டுவிடுங்கள்.

ஆட்டுக்குட்டியின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரும். அந்த வட்டத்துக்குள் சிலுவை இருக்க வேண்டும். தலை மறைத்தது போக மூன்று கைகள்தான் தெரியும். சிலுவை வைத்த வட்டம் கிறிஸ்துவுக்கு உரியது. புனிதர்களுக்கு வெறும் வட்டம் போதும், மூலையில் இருக்கும் நான்கு உருவங்களுக்கும் அதேதான். ஆட்டுக்குட்டி படுத்திருக்கும் நூலில், அதாவது புத்தகத்தில், ஏழு முத்திரை. அங்கே ஏழு கெம்புக்கல் பதிக்கலாம், நம் வேலைக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் இடம் மிஞ்சுகிறது என்று எட்டாவது கல் வைக்காதீர்கள். ஆட்டுக்குட்டியின் உடம்பில் கல்லும் ரேக்கும் (மெல்லிய தங்கத் தகடு) ஏற்ற வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும். கண் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பெல்ஜியத்தில் கென்ட் நகரப் பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432இல் முடிந்த பீடப்படத்தை அண்மையில் பழுதுபார்த்தபோது, பிற்காலப் பூச்சுக்கு அடியிலிருந்து ஆட்டுக்குட்டியின் பழைய முகம் வெளியே வந்தது. பார்ப்பவரை நேருக்கு நேர் பார்க்கும் கண்கள். தஞ்சாவூர்ப் படத்தின் அகன்ற நேர்ப்பார்வை அதற்கு மிகவும் பக்கத்தில் நிற்கிறது. தயங்காமல் நம் பாணியிலேயே எழுதுங்கள்.

மூலைகளில் வருபவை நற்செய்தி எழுதிய நால்வரின் சின்னங்கள்: மனிதர் மத்தேயு, சிங்கம் மாற்கு, காளை லூக்கா, கழுகு யோவான். வழக்கமாக மனிதர் மேலே இடது, கழுகு மேலே வலது, சிங்கம் கீழே இடது, காளை கீழே வலது. நான்குக்கும் இறக்கை வேண்டும், கையிலோ காலடியிலோ நூல் வேண்டும். கை பழக்கத்தில் காளைக்குச் சலங்கையும் நெற்றிப்பட்டமும் வந்தால் நந்தி ஆகிவிடும், கழுகு கைகூப்பினால் கருடன் ஆகிவிடும். இரண்டும் நமக்கு மதிப்புக்குரியவை, ஆனால் இந்தப் பலகையில் அவற்றுக்கு வேலை இல்லை. கீழே இருக்கும் பறவை அன்னம் அல்ல, கூழைக்கடா. தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறது என்ற பழைய நம்பிக்கையால் நற்கருணைக்குச் சின்னமாயிற்று. ஐரோப்பாவில் அந்தப் பறவையைப் பார்த்தே இராதவர்கள் அன்னம் மாதிரி வரைந்தார்கள். வடுவூர் ஏரி பக்கத்தில் இருக்கும் நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. அலகும் அதன் கீழே பையும் தெரிய வரையுங்கள்.

இனி, வேலை பிடித்துக் கொடுத்தவர் விஷயம். கோயில் அலங்காரம், சுரூபம், பீடம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒப்பந்தம் பேசுகிறவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். நேர்மையானவர்களும் உண்டு. "எதைப் போட்டாலும் சரி" என்று சொல்கிறவர் அந்த வகை அல்ல. பங்கிடம் 22 காரட் ரேக்குக்குக் காசு வாங்கிவிட்டு, கலைஞர் கையில் பித்தளை நிற ஃபாயிலைக் கொடுப்பார். ஆற்றோரக் கோயிலின் ஈரக்காற்றில் அது கறுத்துப்போகும்போது கெட்ட பெயர் உங்களுக்கு. ரேக்கை நீங்களே வாங்கி, பில்லைப் பங்கின் பெயரில் போடச் சொல்லுங்கள். கேன்வாஸில் பிரிண்ட் எடுத்து, மேலே நாலு கல் ஒட்டி, தஞ்சாவூர்ப் படம் என்று விற்பவர்களையும் பார்க்கிறோம். 2007இல் புவிசார் குறியீடு வாங்கிய கலைக்கு இது பெரிய துரோகம். "வத்திக்கான் அங்கீகரித்த டிசைன்" என்று யாராவது தாள் நீட்டினால் நம்பாதீர்கள். ரோமில் அப்படி முத்திரை குத்தும் ஜன்னல் கிடையாது. வழக்கத்தில் இல்லாத படத்தைக் கோயிலில் வைக்க ஆயரின் ஒப்புதல் வேண்டும் என்று திரிதெந்து (டிரென்ட்) சங்கம் 1563இலேயே முடிவு செய்தது. அந்தப் பொறுப்பு இன்றும் ஆயரிடம்தான். கணினியே வரைந்து கொடுத்த படத்தை மாதிரியாகத் தந்தால் வாங்கவே வேண்டாம். அதில் ஒளிவட்டம் இடம் மாறியிருக்கலாம், நூலில் எந்த மொழியும் இல்லாத கிறுக்கல் இருக்கலாம்.

ஒப்புதலை எப்போது வாங்குவது என்பது உங்கள் வேலையில் மிக முக்கியம். பெயிண்டிங் என்றால் கடைசியில்கூட நிறத்தை மாற்றலாம். இங்கே மக்கு (சுண்ணப் பசை) ஏற்றிக் காய்ந்து, கல் பதித்து, ரேக்கு ஒட்டிய பிறகு கோதுமையை நெல்லாக்கவோ நெல்லைக் கோதுமையாக்கவோ முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே பலகையில் துணி ஒட்டுவதற்கு முன், முழு அளவு ஸ்கெட்சைத் தாளில் போட்டு, ஒவ்வொரு சின்னத்தின் பக்கத்திலும் வசன எண்ணை எழுதி, பங்குத்தந்தையிடம் நேரில் காட்டுங்கள். இடைத்தரகர் மூலம் அனுப்ப வேண்டாம். "சாமி, இதை ஆயர் இல்லத்தில் காட்டிக் கையெழுத்து வாங்கித் தாருங்கள்" என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறைமாவட்டம்தோறும் திருக்கலைக்கு ஓர் ஆணைக்குழு வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லி அறுபது வருடம் தாண்டிவிட்டது. ஆனால் ஒரு கலைஞர் ஸ்கெட்சை எடுத்துக்கொண்டு போனால், யாரிடம் கொடுப்பது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும், அதற்குள் திருவிழாக் கொடி ஏறிவிடும், "சரி, மாட்டிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். சில வருடத்தில் ஃபாதர் மாறுவார், புதிதாக வந்தவருக்குப் பிடிக்கவில்லை என்றால் படம் சாக்கிரிஸ்து அறையில் (பூசைப் பொருள்களை வைக்கும் அறை) சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். கேட்டால் அனுமதிக் கடிதம் எங்கே என்பார்கள். கடிதம் கொடுக்க வேண்டியவர்களே கொடுக்காமல் விட்டது யாருக்கும் நினைவிருக்காது. மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து மக்கு ஏற்றியவரின் உழைப்புக்கு இதுவா மரியாதை?

அதனால் கையெழுத்து வராமல் பலகையைத் தொடாதீர்கள், திருவிழா தள்ளிப்போனாலும் பரவாயில்லை. பணத்தை மூன்றாகப் பிரித்து, பங்குக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேராக வாங்குங்கள்: ஸ்கெட்ச் ஒப்புதலானதும் ஒன்று, ரேக்கு ஒட்டி முடிந்ததும் ஒன்று, மாட்டிய அன்று மீதி. வேலை பிடித்துக் கொடுத்தவருக்குரிய தரகைப் பங்கே தனியாகக் கொடுக்கட்டும்.

மாட்டும்போது பலகை சுவரை ஒட்டக் கூடாது. பின்னால் காற்றுப்போகச் சின்னக் கட்டைகள் வைத்துத் தள்ளி நிறுத்துங்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் கட்டாயம் ஓதம் ஏறும். முன்னால் கண்ணாடி போடுவீர்கள் என்றால், பேழைப் பக்கம் எரியும் சிவப்பு விளக்கு ஆட்டுக்குட்டியின் முகத்தில் பிரதிபலிக்காதபடி, சட்டத்தை மேல்பக்கம் கொஞ்சம் முன்சாய்த்து ஆணி அடியுங்கள்.