மனைவி விஷம் வைத்ததாகச் சொல்லப்படும் கொலை வழக்கைத் தினமும் பின்தொடர்கிறேன். செய்தியை வைத்தே குற்றவாளி யார் என்று சொல்லிவிட முடியாதா?

முடியாது.

நீங்கள் எந்த வழக்கைப் பார்க்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் கேள்விக்குக் கீழே, "கணவனோடு சண்டை இருந்திருக்கிறது, வீட்டிலேயே விஷம் இருந்திருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்த இரண்டையும் சாட்சிக் கூண்டில் ஏறி நின்று சொன்னவள் நான். அரசுத் தரப்பின் நான்காவது சாட்சி.

தாராபுரம் வட்டத்தில் மூலனூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். இங்கே பலருக்கும் கண்வலிக்கிழங்குதான் பணப்பயிர். செங்காந்தள் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பூவை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். கிழங்கு கலப்பை போல இரண்டு கொம்பாக வளைந்திருக்கும், அதனால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். செடி முழுக்க விஷம்தான், கிழங்கிலும் விதையிலும் அதிகம். அதிலுள்ள கோல்சிசின் வயிற்றுக்குள் போனால் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் காலரா கண்டதுபோலப் பிடுங்கி எடுக்கும். இரண்டு மூன்று நாளில் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். பிழைத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு வாரம் பத்து நாளில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். விதைக்கிழங்கு விலை அதிகம் என்பதால் அதைத் தோட்டத்துச் சாளையில் போட்டு வைக்க மாட்டோம். சாக்கில் கட்டி, வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்போம். "வீட்டில் விஷம் இருந்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

அவள் அடுத்த தோட்டத்துக்காரி. பெயர் வேண்டாம். என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை அம்மணி என்று கூப்பிடுவேன். பூக்கும் பருவத்தில் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் மாற்றாள் போவோம். காந்தள் பூவில் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் விலகி நிற்கும். மகரந்தம் தானாகப் போய் அதன் நுனியைத் தொடுவது அரிது. அதனால் காலை வெயில் ஏறுவதற்குள், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் நுனியில் நாங்களே கையால் தடவ வேண்டும். ஒரு பூ விட்டுப்போனால் ஒரு காய் போயிற்று. நூற்றுக்கணக்கான பூக்களை இப்படித் தொட்டுத் தொட்டு நகரும்போது வாய் சும்மா இருக்குமா? மாமியார், பிள்ளைகள், கடன், புருஷன் எல்லாம் வரும். அப்படி ஒரு காலையில்தான் அவள் சொன்னாள்: "இந்த மனிதன் செத்தொழிந்தால்தான் எனக்கு விடியும் அக்கா." முந்தின இரவு அவர் குடித்துவிட்டு வந்து அடித்திருந்தார். கழுத்தில் நகக்கீறல் இருந்தது. நான் பூவைத் தொட்டுக்கொண்டே, "எல்லா வீட்டிலும் இதுதானே அம்மணி" என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் செத்துப்போனார். இரவு வாந்தி, விடிய விடிய பேதி, மருத்துவமனையில் மூன்றாம் நாள் உயிர் போனது. அவருடைய அண்ணன், சாப்பாட்டில் கிழங்கை அரைத்து வைத்துவிட்டாள் என்று புகார் கொடுத்தார். போலீஸ் வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை எடுத்துக்கொண்டு போனது. பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் சண்டை உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்கள். சொன்னதைச் சொன்னேன். பொய் சொல்லத் தெரியவில்லை என்பதைவிட, பயந்துபோயிருந்தேன் என்பதே உண்மை. போலீசில் நாம் சொல்வதை எழுதிக்கொள்வார்களே தவிர நம்மிடம் கையெழுத்து வாங்க மாட்டார்கள். அதில், "அவள் கணவனைக் கொல்லும் எண்ணத்தோடு இருந்தது எனக்கு முன்பே தெரியும்" என்று நான் சொன்னதாக எழுதியிருந்தது கோர்ட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து விசாரணை ஆரம்பித்தது. சாட்சிகள் தங்கள் முறை வரும்வரை உள்ளே உட்காரக் கூடாது. வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அதே மரத்தடியில் அவளுடைய அம்மா, தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து காத்திருந்தார். அந்த ஆத்தாவின் முகத்தைப் பார்க்காமல் நான் திரும்பி நின்றேன். மத்தியானம் ஆனதும், "இன்னும் கூப்பிடவில்லையே கண்ணு, ஒரு வாய் சாப்பிடு" என்று போசி மூடியில் தயிர்ச்சோறு வைத்து நீட்டினார். மகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவளுக்கு. வாங்கிக்கொண்டேன், விழுங்க முடியவில்லை.

கூண்டில் அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், குரலை உயர்த்தவே இல்லை.

"உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் இப்படிச் சொன்னது உண்டா அம்மா?"

"உண்டு."

"எத்தனை தடவை?"

"கணக்கு வைக்கவில்லை."

"உங்கள் வீட்டில் கிழங்கு இருக்கிறதா?"

"எட்டு மூட்டை."

"உங்கள் கணவர்?"

"வெளியே மரத்தடியில் நிற்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குற்றவாளிக் கூண்டிலிருந்து அவளும் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சாட்சி சொல்லி முடித்தவர் உள்ளே உட்காரலாம். அன்றிலிருந்து ஒரு வாய்தா விடாமல் போனேன், ஏறக்குறைய ஒரு வருடம். ஆத்தாவுக்கு பஸ் மாறிப் போகத் தெரியாது, அவரையும் கூட்டிக்கொண்டு போவேன். என் வீட்டுக்காரரின் பங்காளிகள், "கொலைகாரிக்குத் துணை போகிறாளா?" என்று கேட்டார்கள். நான் யாருக்கும் துணை போகவில்லை. என் வாயிலிருந்து வந்த சொல் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கப் போனேன்.

பல நாள் ஒன்றுமே நடக்காது. ஒரு சாட்சி வரமாட்டார், தேதி தள்ளிப்போகும். கிராம நிர்வாக அலுவலர் வந்து கிழங்குச் சாக்கைப் பறிமுதல் செய்தபோது போலீஸ் எழுதிய மகசரில் தன் கையெழுத்தை அடையாளம் காட்டினார். ஒரு உறவினர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆனார். அம்மணியின் ஒன்பது வயது மகள் அதே சட்டியிலிருந்து அதே கொள்ளுப் பருப்பைச் சாப்பிட்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்குத் தனியாக எடுத்து வைத்துக் கலந்திருக்கலாம் என்றது அரசுத் தரப்பு.

வழக்கு திரும்பியது தடய அறிவியல் ஆய்வக அதிகாரி வந்த அன்றைக்கு. இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் இவற்றின் பகுதிகளை உப்புக் கரைசலில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கோல்சிசின் இருப்பதாக அறிக்கை சொன்னது. அரசு வக்கீல் அதோடு முடித்துக்கொண்டார். என் நெஞ்சு அடைத்தது. செய்தியில் வந்தாலும் அது வரைக்கும்தான் வந்திருக்கும், "உடலில் விஷம் உறுதி" என்று. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு இருந்தது?" என்பது. அளவு பார்க்கவில்லை, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தோம் என்றார் அதிகாரி. இரைப்பையில் கிழங்கின் துணுக்கு ஏதாவது இருந்ததா? இல்லை. கோல்சிசின் மருந்தாகவும் மாத்திரையில் வருகிறதா? ஆமாம். எந்த நோய்க்கு? யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கும் கவுட் நோய்க்கு. இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, இது கிழங்கிலிருந்து வந்ததா மாத்திரையிலிருந்து வந்ததா என்று உங்களால் சொல்ல முடியுமா?

அதிகாரி தன் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "முடியாது" என்றார்.

செத்துப்போன அந்த மனிதருக்குக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, செருப்புப் போட முடியாமல் நடந்தது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். போலீஸ் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு அவர்கள் வீட்டுத் தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால், மின்கட்டண ரசீதுகளோடு செருகியிருந்தது. வீட்டைச் சோதனை போட்டவர்கள் சாக்கை எடுத்தார்கள், சீட்டை எடுக்கவில்லை. அதைத் தேடி எடுத்து வக்கீலிடம் கொடுத்தவர் படிக்கத் தெரியாத ஆத்தா. எழுதிக் கொடுத்த டாக்டரே எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தார். அரை மில்லிகிராம் மாத்திரை, வலி வந்தால் மட்டும் குறைவாகப் போடச் சொன்னேன் என்றார். நன்மை செய்யும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவான மருந்து என்றும், சிறுநீரகமோ ஈரலோ கெட்டவர்களுக்கு உடம்பிலேயே தங்கிவிடும் என்றும் சொன்னார். வலி பொறுக்காமல் மருந்துக் கடையில் பட்டை பட்டையாக வாங்கிப் போடுகிறவர்கள் உண்டா என்று வக்கீல் கேட்டார். உண்டு என்றார்.

இந்த மாத்திரை எதிலிருந்து வருகிறது தெரியுமா? எங்கள் விதையிலிருந்து எடுக்கும் சரக்கு அது. நாங்கள் குனிந்து குனிந்து பூப்பூவாகத் தொட்டு விளைவிக்கும் விதை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. ஆனால் ஒரு வருடம் கிலோ மூவாயிரத்துக்கு மேல் விற்ற விதை, இன்னொரு வருடம் அதில் பாதிக்கும் கீழே போகும். ஏன் என்று கேட்டால் "மேலே விலை இல்லை" என்பார் வியாபாரி. அந்த மேல் எங்கே இருக்கிறது என்று இதுவரை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. நெல்லுக்கு அரசு விலை உண்டு, கொப்பரைக்கு உண்டு. எங்களுக்கு மட்டும் அவர்கள் சொன்னதுதான் விலை. விதைக்கிழங்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே அந்த வீட்டில் பாதிச் சண்டை நடந்தது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். எனக்கு இருக்கிறது.

தீர்ப்புக்கு முன் வக்கீல் வாதத்தில் அடிக்கடி சொன்ன ஒரு வழக்கைப் பிறகு நானே தேடிப் படித்தேன். சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு. 1982இல் பூனாவில் ஒரு இளம் மனைவி பொட்டாசியம் சயனைடால் இறந்தார். கணவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விஷக் கொலை என்றால் நான்கைக் காட்ட வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு: கொல்வதற்குத் தெளிவான காரணம், சாவு விஷத்தால்தான் என்பது, அந்த விஷம் குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் இருந்தது, அதைக் கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டுதான் இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கில் விஷம் எதிலிருந்து வந்தது என்பதே நிற்கவில்லை. வீட்டுக்குள் நடந்ததை அவள்தான் விளக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் 106ஆவது பிரிவைக் காட்டினார் அரசு வக்கீல். முதலில் அரசுத் தரப்பு தன் பங்கை நிரூபிக்கட்டும் என்றார் நீதிபதி. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்.

நான் பெண் என்பதால் பெண்ணுக்குப் பரிந்து எழுதுகிறேன் என்று வரப் போகிறவர்களுக்கு: பூனா வழக்கில் விடுதலையானவர் ஆண். விஷம் வைப்பவர்களே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கேரளத்தில் பாறசாலையைச் சேர்ந்த ஒரு இளைஞர் 2022 அக்டோபரில் காதலி கொடுத்த கஷாயத்தைக் குடித்துப் பதினோராம் நாள் இறந்தார். கலந்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அங்கே எந்த விஷம், எதில் கலந்தது, கொடுத்த கை எது என்று ஒவ்வொன்றாக நிரூபித்தார்கள். சந்தேகத்தின் பலன் என்றால் நிரபராதி என்று அர்த்தமில்லை என்றும் சொல்வீர்கள். எங்கள் ஊரும் அதைத்தான் சொன்னது. அவள் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை உங்கள்மேல் திணிக்க மாட்டேன், அது கோர்ட்டில் செல்லாது. அண்ணன் சொன்னதும் அதேபோல் செல்லவில்லை.

அவள் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். மகள் கல்லூரி போகிறாள். தோட்டத்தைப் பங்காளிகள் உழுகிறார்கள். பொங்கலுக்குப் போன் செய்வேன், எடுப்பாள். அந்தக் காலைப் பேச்சைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் வீட்டுக்காரருக்கும் போன வருடம் யூரிக் அமிலம் ஏறியது. அதே மாத்திரை. சீட்டு, மருந்துக் கடை ரசீது, தீர்ந்துபோன பட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கே இருக்கிறது என்று என் மகனுக்குக் காட்டியும் வைத்திருக்கிறேன்.

நீங்கள் பின்தொடரும் வழக்கில் ஆய்வக அதிகாரி சாட்சி சொல்லிவிட்டாரா? இல்லை என்றால் அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றைக்கு நேரில் போய் உட்காருங்கள், குறுக்கு விசாரணை முடியும்வரை எழுந்து வராதீர்கள்.