வீட்டிலேயே ஸ்பானிஷ்: சேலம் மாணவர்கள் கேட்டவை

ஆறு மாதமாக செயலியில் படிக்கிறேன். புள்ளிகள் குவிகின்றன, வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் வரவில்லை. வீட்டில் தறிச் சத்தம் வேறு. (கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை)

செயலி நாலு விடையைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்கிறது. பேசும்போது அப்படி யார் காட்டுவார்கள்? பத்து வாக்கியங்களைக் கேளுங்கள், நோட்டை மூடுங்கள், நினைவிலிருந்து சொல்லுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அப்புறம் ஒரு வாரம் கழித்து. இந்த இடைவெளிக் கணக்கை 'ஆன்கி' மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். தறிச் சத்தம் நல்லதுதான். எவ்வளவு உரக்கச் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

ஆங்கிலத்தில் எழுதிய இலக்கணப் புத்தகம் குழப்புகிறது. (பி.காம். மாணவி, அஸ்தம்பட்டி)

பாதிக் குழப்பம் ஆங்கில வழியால் வருவது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். யார் என்பதை நம் வினைமுற்று போலவே விகுதி சொல்லிவிடுகிறது, 'நான்' தேவையில்லை. 'மே குஸ்தா எல் கஃபே' என்பதன் அமைப்பும் 'எனக்குக் காபி பிடிக்கும்' போலத்தான். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு: 'தூ', 'உஸ்தெத்'.

தமிழ் கைகொடுக்காத இடம், பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் பார்ப்பது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், காரணம் தேடாதீர்கள். 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் சரி. ஆனால் நாளைக் குறிக்கும் 'தியா' ஆண்பால், 'ஓ'வில் முடியும் 'மானோ' (கை) பெண்பால். ஆகவே சொல்லைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள்; ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' என்ற முன்சொல்லோடு 'எல் தியா', 'லா மானோ' என்று சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். 'இரு' என்பதற்கு 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் இருப்பதும் கொஞ்ச காலம் படுத்தும்.

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். எப்படிக் கேட்டுப் பழகுவது? (ப்ளஸ் ஒன் மாணவர்)

சேலத்துக்கு இறங்கும்போது எழுத்துவடிவமும் சேர்ந்த ஒலிப்பதிவுகள் இரண்டு மூன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முழுக்க ஒரே பதிவு. முதலில் கேளுங்கள், பிறகு எழுத்தைப் பார்த்துக் கேளுங்கள், கடைசியில் கூடவே சொல்லுங்கள்.

மகள் ப்ளஸ் டூ. எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு? (ஒரு தாய், சூரமங்கலம்)

'டெலெ' என்ற ஸ்பானிஷ் மொழித் திறன் சான்றிதழ். ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில், ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் அந்நாட்டு அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது. டெல்லியில் அதற்குக் கிளை உண்டு. தொடக்கநிலையான ஏ1 முதல் உச்சநிலையான சி2 வரை ஆறு நிலைகள், சான்றிதழ் காலாவதி ஆகாது. கட்டணம் வாங்கிக்கொண்டு தாமே சான்றிதழ் அச்சடித்துத் தரும் வகுப்புகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். மாதிரி வினாத்தாள்கள் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பொதுத்தேர்வு முடியும்வரை தினம் இருபது நிமிடம் போதும். ஏ1-க்குப் பணம் கட்டுவதை அப்புறம் பார்க்கலாம்.