தரைத்தள வீட்டில் நனைந்த பொருட்கள்: அசோசியேஷன் பாலிசியில் கிடைக்குமா?

வெள்ளத்தில் நனைந்த வீட்டுப் பொருட்களுக்கு, அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் (அசோசியேஷன்) எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியில் பணம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. அசோசியேஷன் பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கும் லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுச் சொத்துக்கும்தான். உங்கள் வியாசர்பாடி வீட்டில் நனைந்த ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதில் வராது. "எல்லாமே கவர் ஆகும்" என்று உங்களிடம் சொன்ன அசோசியேஷன் செயலாளர் பாலிசியைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கி ஒரு பாலிசியைத் தலையில் கட்டியிருக்கலாம். அந்தத் தாளைத் தேடுங்கள். அது 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி என்றால், 'ஹோம் கன்டென்ட்ஸ்' (வீட்டுப் பொருட்கள்) வரிக்கு நேரே தொகை இருக்கிறதா பாருங்கள். கட்டடத்தோடு பொருட்களையும் சேர்த்திருந்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலேயே பாதுகாப்பு உண்டு. மிக்ஜாம் மாதிரி புயல், வெள்ளம் எல்லாம் அடக்கம்.

அப்படி இருந்தால் இன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் காயலான் கடைக்குப் போட வேண்டாம். சுவரில் தண்ணீர் நின்ற கறை, மெஷினின் சீரியல் நம்பர் ஸ்டிக்கர், இரண்டையும் படம் எடுங்கள்.

இல்லையென்றால் இந்த நஷ்டம் உங்களுடையதுதான்; இனி எடுக்கும் பாலிசி நடந்ததற்குப் பணம் தராது. அப்புறம், புதிதாக எடுக்கும்போது பிளாட்டை வாங்கிய விலையைப் போடாதீர்கள். கார்பெட் ஏரியாவுக்கு (வீட்டின் உள்ளே புழங்கும் பரப்பு) இன்றைய கட்டுமானச் செலவுதான் கணக்கு, மனை விலை சேராது.

நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். சாதாரணத் திருட்டும் பாரத் கிருஹ ரக்ஷாவில் வராது. வெள்ளம் போன்ற சம்பவத்தைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடந்த திருட்டு மட்டும்தான்.