ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் இருக்கும் வேறுபாடு. சிலருக்கு அது வளர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. சிறுவயதில் எப்படி யார் கண்ணிலும் படாமல் போகிறது?

எனக்கு 36 வயதில் தெரிந்தது. அதுவும் மகனால்தான். பேச்சு சரியாக வரவில்லையே என்று அவனைக் கூட்டிப்போன இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வானா, வழக்கம் மாறினால் கலங்கிப்போவானா என்று கேள்விகள். அவனுக்காக டிக் போட்டுக்கொண்டு வந்தவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். அத்தனையும் நான்.

சின்ன வயதில் எனக்குச் சிக்குக் கோலப் பைத்தியம். நோட்டு நோட்டாகப் போடுவேன். ஒரு புள்ளி பிசகினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து. ஒரு பையன் இதே பிடிவாதத்தோடு பொம்மைக் கார்களை அடுக்கியிருந்தால் வீட்டில் கவலைப்பட்டிருப்பார்கள். என்னைப் 'பொறுப்பான பொண்ணு' என்றார்கள். யார் கண்ணையும் பார்த்துப் பேச மாட்டேன். பெண்பிள்ளை தலைகுனிந்து நின்றால் நம் வீடுகளில் அது குறையா என்ன? கல்யாண வீட்டில் மேளச் சத்தம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போனால் மட்டும் 'திமிரு' என்று பேர் வரும். அதற்குப் பயந்தே சித்தி பேசுவதைக் கவனித்து மனப்பாடம் செய்தேன்: வாங்க, எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா. நடுவில் யாராவது வேறு ஏதாவது கேட்டால் தொலைந்தேன். இப்படி ஒப்பேற்றுவதற்கு மாஸ்கிங் என்று பேர் இருப்பது அப்போது தெரியாது. வீடு திரும்பியதும் இருட்டறையில் படுத்துவிடுவேன்.

மருத்துவர்களின் பார்வையும் பையன்களை வைத்தே உருவானது. ஆட்டிசத்தைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். மறு வருடம் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவர் தன் கட்டுரையில் விவரித்த நான்கு குழந்தைகளும் பையன்கள்தான். அப்புறம், மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநலக் கையேட்டின்படி 2013 வரை ஒரே ஆளுக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச்சிதறலும் மிகையான துறுதுறுப்பும்) இரண்டையும் சேர்த்து எழுத முடியாமல் இருந்தது. ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விடப்பட்டவர்கள் உண்டு.

நான் முதலில் பார்த்த மருத்துவர், "கல்யாணம் ஆயிடுச்சு, வேலைக்கும் போறீங்க, உங்களுக்கு எப்படிம்மா?" என்று சிரித்தார். அவரிடம் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆட்டோவில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் என் அம்மாவை அழைத்துவரச் சொன்னார். பெரியவர்களைப் பரிசோதிக்கும்போது குழந்தைப் பருவத்தையும் விசாரிக்க வேண்டுமாம். "ஒரு தொந்தரவும் கிடையாதுங்க, அவ பாட்டுக்கு இருப்பா" என்றார் அம்மா. சரி, கோலம் தப்பானால் என்ன செய்வாள் என்று அவர் கேட்டார்.

"அதுவா? சுவத்துல தலைய முட்டிக்குவா. அவங்க அப்பாவும் அப்படித்தான்."