முதலில் டேபிள், அப்புறம் திரை: டேட்டாபேஸ் கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. நான் கையால் செய்து பார்த்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பைத்தான் ஓரளவு தெரியும். ஒரு சின்ன நூலகத்துக்கு அப்ளிகேஷன் எழுத ஆசை. யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்ற கணக்குதான். எங்கே தொடங்குவது?

பதில்: கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். புதிதாக வருகிற பலரும் லாகின் திரையில் ஆரம்பித்து, பட்டனுக்கு நிறம் தேடுவதில் ஒரு வாரத்தைக் கழித்துவிடுகிறார்கள். திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். டேபிளில் தரவு சேர்ந்த பிறகு அதன் அமைப்பை மாற்றுவது, ஆள் குடியிருக்கும் வீட்டில் அஸ்திவாரத்தைத் தோண்டுவது மாதிரி.

தாளில் முதலில் 'புத்தகம்' என்று எழுதுவீர்கள். சரி, ஒரே நாவல் மூன்று பிரதி இருந்தால்? உறுப்பினர் வீட்டுக்குக் கொண்டுபோவது நாவலை அல்ல, அதில் ஒரு பிரதியை. ஆகவே தலைப்பு, ஆசிரியர், பதிப்பு எல்லாம் 'நூல்' என்ற டேபிளுக்குப் போகட்டும். எந்த நூலின் பிரதி, எந்த அலமாரி, அட்டை கிழிந்திருக்கிறதா என்பவை 'பிரதி' டேபிளுக்கு. 'உறுப்பினர்' தனி. கடைசியாக 'இரவல்': எந்தப் பிரதி, எந்த உறுப்பினர், எடுத்த தேதி, திருப்ப வேண்டிய தேதி, திருப்பிய தேதி. திருப்பிய தேதி காலியாக இருந்தால் புத்தகம் வெளியே இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல இன்னொரு ஃபீல்டு வைக்காதீர்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதிவைத்தால், என்றாவது ஒரு நாள் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும், எதை நம்புவது என்று தெரியாமல் அலமாரிக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தரவை டேபிள்களாக அடுக்கும் ரிலேஷனல் முறையை முன்வைத்த கட்டுரையிலேயே இந்தக் கவலை இருக்கிறது.

தாளில் கோடு போட்டு முடித்ததும் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கி, கையாலேயே பத்துப் புத்தகங்களையும் நான்கு உறுப்பினர்களையும் சேருங்கள். பைத்தானிலேயே அதற்கான மாட்யூல் இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். 'கெடு தாண்டிய புத்தகங்கள் யாரிடம் இருக்கின்றன' என்ற கேள்விக்கு, டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் விடை வந்த பிறகுதான் திரைப் பக்கம் போகவேண்டும். அப்புறம், முதல் நாளிலிருந்தே பேக்கப் எடுங்கள்.

கேள்வி: எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றில் எதைக் கற்பது?

பதில்: பழக எஸ்கியூலைட். டேட்டாபேஸ் முழுக்க ஒரே ஃபைல். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதால் பலர் ஒரே சமயத்தில் எழுதுகிற வேலைக்கு போஸ்ட்கிரெஸ் போங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை (ஒரு டேபிள் கைகாட்டும் வரி இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்ற சோதனை) வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா கட்டளையால் நீங்கள்தான் இயக்க வேண்டும். இதைத் தெரியாமல், இல்லாத உறுப்பினர் பெயரில் இரவல் பதிந்துவிட்டுக் குழம்பி நிற்பவர்கள் ஏராளம்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் போதாதா?

பதில்: டேபிள்களுக்கு நடுவே உள்ள உறவைக் கண்ணால் பார்த்துப் பழக நல்ல கருவி. ஃபைல் 2 ஜிபியைத் தாண்டாது.

கேள்வி: உறுப்பினர் டேபிளுக்கு மொபைல் எண்ணையே பிரைமரி கீயாக (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் ஃபீல்டாக) வைத்தால் என்ன? இரண்டு பேருக்கு ஒரே எண் இருக்காதே.

பதில்: இருக்கும். அம்மாவும் மகளும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். எண் மாறும். மாறினால் இரவல் டேபிளில் அந்த எண் இருக்கும் எல்லா வரிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். தானாக ஏறும் ஒரு வரிசை எண்ணை வையுங்கள். மொபைல் எண்ணை டெக்ஸ்டாகச் சேமியுங்கள், எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும்.

கேள்வி: மேலே சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வெறும் வரிசை எண் வைத்தால் ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகிவிடுவார். உண்மையான அடையாளம்தான் கீயாக இருக்க வேண்டும்.

பதில்: பாதி சரி. வரிசை எண் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. இரண்டாம் முறை வரக்கூடாத ஃபீல்டு எதுவோ அதற்கு யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். இரட்டைப் பதிவைத் தடுப்பது யுனிக்கின் வேலை, மற்ற டேபிள்கள் கைகாட்ட மாறாத ஒரு புள்ளியைத் தருவது பிரைமரி கீயின் வேலை.

கேள்வி: மறுபடியும் நான்தான். மனிதர்களை விடுங்கள். நூலுக்கு ஐஎஸ்பிஎன் (புத்தகங்களுக்கான சர்வதேச எண்) இருக்கிறதே, உலகம் முழுக்க ஒன்றுதான், மாறவும் மாறாது.

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் நன்றாக யோசிப்பவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஐஎஸ்பிஎன் மாறியது. 2007 ஜனவரி 1 முதல் 10 இலக்கம் 13 இலக்கமானது. முன்னால் 978 சேர்ந்ததோடு கடைசியில் வரும் சோதனை இலக்கமும் மறுபடி கணக்கிடப்பட்டது. அதைக் கீயாக வைத்து, பிரதி டேபிளிலும் வேறு டேபிள்களிலும் நகலெடுத்து வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, 1960-களில் வந்த பழைய பதிப்புகளில் ஐஎஸ்பிஎன்னே கிடையாது. நூலகத்தில் அவை இருக்காதா? பிரைமரி கீயைக் காலியாக விடக் கூடாது, அதனால் யாரோ 0000 என்று ஒரு பொய் எண்ணை அடிப்பார், அடுத்த பழைய புத்தகத்துக்கு 0001. வெளியே இன்னொருவர் வைத்த அடையாளம் எப்போது மாறும் என்பது உங்கள் கையில் இல்லை.

ஆனால் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு நூலுக்குப் பல ஆசிரியர்கள் இருந்தால் நடுவில் ஓர் இணைப்பு டேபிள் வரும். அதில் நூல் எண், ஆசிரியர் எண் இரண்டும் சேர்ந்ததே கீயாக இருக்கலாம், நானும் அப்படித்தான் வைக்கிறேன்.

கேள்வி: எந்தப் புரோகிராமிங் மொழியில் தொடங்கலாம்?

பதில்: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியில்.

கேள்வி: பிஎச்பியா, ஜாவாவா, எதற்கு எதிர்காலம்?

பதில்: மேலே பார்க்கவும். எஸ்கியூஎல் 1970-களில் பிறந்தது, 1986-இல் தரப்படுத்தப்பட்டது, இன்றும் இருக்கிறது. அதில் ஆறு மாதம் செலவழியுங்கள்.

கேள்வி: அப்டேட் கட்டளை ஓட்டினேன். எல்லா உறுப்பினர் பெயரும் ஒன்றாகிவிட்டது. மீட்க முடியுமா?

பதில்: டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி இன்னும் கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிசெய்யாமல்) இருந்தால் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது) போதும். இல்லையென்றால் பேக்கப்தான் வழி. இருக்கிறதா?

எந்த வரிகளுக்கு என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் ஓட்டும் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டெலீட் கட்டளையை இரண்டு வரியாக எழுதியிருந்தேன், வேர் நிபந்தனை இரண்டாவது வரியில். அந்தக் கருவியில் மவுஸால் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும்தான் ஓடும். நான் தேர்ந்தெடுத்தது முதல் வரியை மட்டும். ஒரு நொடி ஆகவேண்டிய வேலை நாற்பது நொடி ஓடியபோதே வயிறு கலங்கியது. பேக்கப் இருந்தது, ஆனால் அதை யாரும் ஒரு முறைகூடத் திரும்ப ஏற்றிப் பார்த்ததில்லை. பாதி ஃபைலோடு நின்றுபோன பேக்கப் அது. மூன்று நாள் தரவை அச்சிட்ட ரசீதுகளைப் பார்த்துக் கையால் அடித்தோம். அன்றிலிருந்து முதலில் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும் பிகின், அப்புறம் அதே வேர் நிபந்தனையோடு செலக்ட், வரிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அப்டேட், கடைசியில் கமிட். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

கேள்வி: பெயரில் ஒற்றை மேற்கோள்குறி இருந்தால், உதாரணமாக ஓ'பிரையன், தேடல் பிழை காட்டுகிறது. அந்தக் குறியை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்காதீர்கள். பயனர் அடித்ததை அப்படியே எஸ்கியூஎல் வரியோடு ஒட்டுகிறீர்கள், அதனால்தான் பிழை. ஓ'பிரையனுக்கு உடைகிற வரி, கெட்ட எண்ணத்தோடு ஒருவர் அடிப்பதற்கும் உடையும். உங்கள் டேபிளையே அவர் அழித்துவிடலாம். எஸ்கியூஎல் வரியில் அந்தப் பெயர் வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். எல்லா மொழியிலும் இதற்கு வசதி உண்டு. இது பின்னால் பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை, இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: திருப்பாத புத்தகங்களைத் தேட 'திருப்பிய தேதி = நல் (NULL)' என்று எழுதினேன். ஒன்றுமே வரவில்லை.

பதில்: 'இஸ் நல்' என்று எழுதுங்கள். நல் என்றால் மதிப்பு தெரியாது என்று பொருள். தெரியாத ஒன்று இன்னொன்றுக்குச் சமமா என்று கேட்டால் ஆம் என்ற பதில் வராது.

கேள்வி: ஆரக்கிள் நிறுவும்போது பிழை வருகிறது.

பதில்: அது என் துறை இல்லை. பிழைச்செய்தியின் முழு வரியையும் அவர்களின் கையேட்டில் தேடுங்கள்.

கேள்வி: அபராதத் தொகைக்கு ஃப்ளோட் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைத்தேன், கூட்டினால் கடைசியில் சில்லறை இடிக்கிறது.

பதில்: 0.1-ஐயும் 0.2-ஐயும் ஃப்ளோட்டில் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்துக்கு டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) வையுங்கள். எஸ்கியூலைட்டில் அந்த வகை உண்மையில் கிடையாது, அங்கே சிறிய நாணய அலகில் முழு எண்ணாகச் சேமியுங்கள்.

கேள்வி: கற்றுக்கொள்ள எந்த மொழி நல்லது?

பதில்: இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் கேட்டவன்தான். டேபிளைத் திருத்தி எழுதிவிட்டேன், ஐஎஸ்பிஎன் இப்போது யுனிக். ஆனால் ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய நூல் இரண்டு இருக்கிறதே, யுனிக் தடுக்காதா?

பதில்: தடுக்காது. எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் யுனிக் ஃபீல்டில் எத்தனை நல் வேண்டுமானாலும் இருக்கலாம், ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமம் இல்லையே. நல்லுக்குப் பதில் எழுத்தே இல்லாத காலி டெக்ஸ்டாக மட்டும் சேமிக்காதீர்கள், இரண்டாவது நூலிலேயே நின்றுவிடும். திருத்துவதற்கு முன்னால் அந்த ஃபைலை நகலெடுத்து வைத்தீர்களா?