டையதெர்மி: வளையலைக் கழற்றச் சொல்வது ஏன்?

கேள்வி: அம்மாவின் முழங்கால் வலிக்கு பிசியோதெரபியில் டையதெர்மி கொடுக்கிறார்கள். ஆபரேஷனில் சதையை வெட்டுவதும் டையதெர்மிதான் என்கிறார் மருத்துவமனையில் வேலை செய்யும் அண்ணி. இரண்டும் ஒன்றா? ஷாக் அடிக்காதா? வளையலை ஏன் கழற்றச் சொல்கிறார்கள்?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அண்ணி சொன்னது சரி, இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: மிக வேகமாக அலையும் மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைகிறது. அந்த வேகத்தில் தசையும் நரம்பும் தூண்டப்படுவதால்தான் ஷாக். அலைவு வினாடிக்கு 10,000-ஐத் தாண்டினால் தசை துடிக்காது, சூடு மட்டுமே பிறக்கும் என்று 1890களில் பிரான்சின் விஞ்ஞானி தார்சொன்வால் காட்டினார். சூட்டு சிகிச்சைக்கு டையதெர்மி என்று பெயர் வைத்தவர் ஜெர்மனியின் மருத்துவர் நாகல்ஷ்மிட்.

கத்தியாக அது பேர் வாங்கியது 1926 அக்டோபர் 1 அன்று, பாஸ்டனில். ரத்தப்போக்கால் சில நாள் முன்பு பாதியில் நிறுத்திய தலைக் கட்டியை, விஞ்ஞானி போவி செய்த மின்கருவியைக் கொண்டு மூளை அறுவை மருத்துவர் குஷிங் அகற்றினார்.

வெட்டுவதா, சுடுவதா என்பதை மின்சாரம் தொடும் பரப்பு தீர்மானிக்கிறது. கருவியின் முனையில் மின்சாரம் குவிவதால் அங்கே திசு ஆவியாகிறது. அதே மின்சாரம் தொடையில் ஒட்டிய அகலத் தகடு வழியே பரவித் திரும்புவதால் அங்கே எதுவும் தெரியாது. தகட்டின் ஓரம் பெயர்ந்தாலோ, ரோமத்தின் மேல் ஒட்டினாலோ, தொடும் இடம் சுருங்கித் தோல் வெந்துவிடும். அதனால் ரோமத்தை நீக்கி, ஈரமில்லாத, சதைப்பிடிப்பான இடத்தில்தான் ஒட்ட வேண்டும். எலும்பு மேடு, தழும்பு வேண்டாம்.

அம்மாவுக்குக் கொடுப்பது ஷார்ட்வேவ் (சிற்றலை) டையதெர்மி, 27.12 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு சுமார் 2.7 கோடி சுற்று. இதில் தகடு தோலைத் தொடாது. முழங்காலின் இருபுறமும் இடைவெளி விட்டு வைப்பார்கள், அலைப்புலம் நடுவே ஊடுருவும். உலோகம் அந்தப் புலத்தைத் தன்பக்கம் இழுத்துக் குவிக்கும், சுற்றிலும் உள்ள சதை சுட்டுவிடும். வளையல், கொலுசு, தாலிச் சங்கிலி, காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் கழற்றுவது இதனால்தான். இரும்பு நாற்காலியும் கூடாது, மர நாற்காலி வேண்டும். வியர்வைத் துளி நின்றாலும் அந்த இடம் சூடேறும். காலைத் துடைத்து, உலர்ந்த துண்டைப் போடச் சொல்லுங்கள். கேபிள் மேலே படக்கூடாது.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் இந்த சிகிச்சை கூடவே கூடாது, கருவி ஓடும் அறைப் பக்கமும் போக வேண்டாம். முழங்காலில் உலோக மூட்டு வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதமான கதகதப்பு போதும். "நல்லா சுட்டாத்தான் கேட்கும்" என்று அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டாம். சுட்டால் உடனே சொல்ல வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் சுடுவதே தெரியாது. தொடங்கும் முன் சுடுநீர் நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாயையும் குளிர்நீர் நிரப்பியதையும் மாற்றி மாற்றித் தோலில் வைத்துச் சோதிக்கக் கேளுங்கள். அம்மாவால் வித்தியாசம் சொல்ல முடியாவிட்டால் டையதெர்மி வேண்டாம், வேறு சிகிச்சை கேட்டு வாங்குங்கள்.