உயரம் போதாதென்று நீச்சலை நிறுத்த வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகனுக்கு உயரம் போதாது, 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இனி மேலே வர முடியாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீச்சலை நிறுத்திவிட்டு நுழைவுத்தேர்வுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதின்மூன்று வயதுப் பையனை அளவுநாடாவால் அளந்து இப்படியொரு முடிவுக்கு வருவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

உயரம் உதவும் என்பதை மறுக்க மாட்டேன். கை நீளமாக இருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் கூடுதல் தூரம் கிடைக்கும். சுவரைத் தொடும்போது விரல்நுனி முந்தும். உலக அளவில் இறுதிச் சுற்றில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆறடிக்கு மேற்பட்டவர்கள்தான். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் முடிவைப் பாருங்கள். ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள பிரான்சின் ஃப்ளோரன்ட் மனடூ 21.56 விநாடியில் மூன்றாவதாக வந்தார். அவரைவிடக் கணிசமாக உயரம் குறைந்த ஆஸ்திரேலியாவின் கேமரூன் மெக்கேவாய் 21.25 விநாடியில் தங்கம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பிறகு சிறிது காலம் ஒதுங்கியிருந்த மெக்கேவாய், குளத்தில் நீந்தும் தூரத்தை வெகுவாகக் குறைத்து, உடல் வலிமையைக் கூட்டும் பயிற்சியோடு திரும்பியவர்.

உங்கள் மகனின் வயதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆண் பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டித்தான் மிக வேகமாக வளர்கிறார்கள். சிலருக்கு அது பன்னிரண்டிலேயே வந்துவிடும். சிலருக்குப் பதினைந்துக்கு மேலும் தள்ளிப்போகும். பிறப்புச் சான்றிதழில் ஒரே ஆண்டு இருந்தாலும், பக்கத்துப் பாதையில் நிற்பவன் உடலளவில் இரண்டு வயது மூத்தவனாக இருக்கலாம். போன ஆண்டு பின்னால் வந்தவர்கள் இப்போது முந்துகிறார்கள் என்று நீங்கள் வருந்துவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். ஷூ அளவையும் கவனியுங்கள். பாதம் முதலில் வளரும், உயரம் பின்னால் வரும். உயரம் கூட்டும் மாத்திரை, பவுடர் எதையும் வாங்காதீர்கள்.

இனி, மாற்றக்கூடியவற்றுக்கு வருகிறேன். அடுத்த முறை குளத்துக்குப் போகும்போது கைப்பேசியுடன் 15 மீட்டர் குறிக்கு நேராக நில்லுங்கள். பாதையைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றில் அந்த இடத்தில் நிறம் மாறியிருக்கும். விசில் ஒலித்தது முதல் அவன் தலை அந்தக் குறியைக் கடக்கும்வரை எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். உலகத் தரமுள்ள ஆண்கள் ஏறத்தாழ ஐந்து விநாடியில் கடந்துவிடுகிறார்கள். மொத்தப் பந்தய நேரத்தில் ஏறத்தாழ கால் பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. மேடையிலிருந்து காலால் உந்தும் விசை, நீரைக் கிழித்துக்கொண்டு நுழையும் கோணம், நீருக்கடியில் இரு கால்களையும் சேர்த்து அலைபோல் அடிக்கும் டால்பின் கிக் இவைதான் அந்த 15 மீட்டரைத் தீர்மானிக்கின்றன. மூன்றும் பழகினால் வருபவை. நம் குளங்கள் பலவற்றில் மாலை முழுக்க நீளம் நீளமாக நீந்த வைக்கிறார்கள், ஸ்டார்ட்டுக்குக் கடைசி ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

அதே காணொளியில் அவன் தலையையும் இடுப்பையும் பாருங்கள். வேகம் கூடக்கூட நீரின் எதிர்ப்பு அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. பத்து விழுக்காடு வேகமாகப் போக ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் அந்த ஆற்றல் வீணாகிறது. தரையில் காலை நீட்டி உட்கார வைத்து, கால்விரல்களை முன்னோக்கி வளைக்கச் சொல்லுங்கள். கணுக்கால் விறைப்பாக நின்றால் கிக் எவ்வளவு அடித்தாலும் பலன் குறையும். தினமும் சில நிமிடம் வளைத்துப் பழகினால் மெல்ல இளகும்.

வலிமைப் பயிற்சி வேண்டும்தான், ஆனால் இந்த வயதில் தன் உடல் எடையை வைத்துச் செய்பவை போதும். புல்-அப்ஸ், குதித்தல், வயிற்றுத்தசைப் பயிற்சி போன்றவை. தோளில் வலி என்று சொன்னால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதிகாலையில் குளம் இருந்தால் இரவு ஒன்பதரைக்கே படுக்கை விரிக்க வேண்டும்.

படிப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். நீச்சலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் நீச்சல் வீரர் வீர்தவல் காடே 2010 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 50 மீட்டர் பட்டர்ஃப்ளையில் வெண்கலம் வென்றார். மாநில அரசு அவரைத் தாசில்தாராக நியமித்தது. 2018 ஆசியப் போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கத்தைத் தவறவிட்டார். அந்த நூலிழை வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை வைக்க முடியாது. நெய்வேலியில் வளர்ந்து ஒலிம்பிக்வரை சென்ற சஜன் பிரகாஷும் கேரளக் காவல்துறையில் பணி பெற்றவர்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்விலும் அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. ரயில்வேயும் விளையாட்டு வீரர்களை எடுக்கிறது. ஆனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் போட்டியா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சான்றிதழ்களை ஆண்டுவாரியாகக் கோப்பில் வையுங்கள். போட்டியில் மேலே போகாவிட்டாலும் இந்தத் துறையிலேயே வேலை உண்டு: பஞ்சாபின் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், அல்லது இயன்முறை மருத்துவம்.

பத்தாம் வகுப்பு முடியும்வரை இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். நுழைவுத்தேர்வு வகுப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பள்ளிக் கணக்கும் அறிவியலும் உறுதியாக இருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து உயரம், ஷூ அளவு, 15 மீட்டர் நேரம், மொத்த நேரம் நான்கையும் தேதியுடன் எழுதி அனுப்புங்கள். 15 மீட்டர் நேரம் குறையாமல் அப்படியே நின்றால், உங்கள் ஊரில் ஸ்டார்ட் நன்றாகக் கற்றுத்தரும் வேறு பயிற்சியாளர் யார் என்று தேடுவதுதான் அடுத்த வேலை.